எது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது? வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

இரண்டாயிரம் வாட் கெட்டிலைப் பார்த்தால் மிரள்கிறோம். டிவிக்குப் பக்கத்தில் ராப்பகலாக விழித்திருக்கும் செட்டாப் பாக்ஸை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கெட்டிலில் தினம் இரண்டு தடவை ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 6 யூனிட் ஆகும். 12 வாட் செட்டாப் பாக்ஸ் அணையாமல் கிடந்தால் மாதத்துக்கு 8 யூனிட்டுக்கு மேல் போய்விடும். எது அதிகம் தின்கிறது என்பதைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு.

இந்தக் கணக்குக்குப் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஒரு தாள், செல்போன் கடிகாரம், வீட்டு மீட்டர் மூன்றும் இருந்தால் ஒரே நாளில் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

முதலில் யூனிட்

மின்கட்டணம் யூனிட் கணக்கில் வருகிறது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதாவது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாதனம் ஒரு யூனிட்டைச் செலவழிக்கப் பத்து மணி நேரம் எடுக்கும். 2000 வாட் சாதனத்துக்கு அரை மணி போதும்.

கிலோவாட்டையும் கிலோவாட் மணியையும் பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வார்கள். கிலோவாட் என்பது இந்த நிமிடம் எவ்வளவு வேகத்தில் செலவாகிறது என்று சொல்வது. கிலோவாட் மணி என்பது மொத்தம் எவ்வளவு செலவானது என்று சொல்வது. பில்லில் ‘ஒப்பந்தச் சுமை’ அல்லது ‘அதிகபட்சத் தேவை’ என்று கிலோவாட்டில் ஓர் எண் இருந்தால் அது முதல் வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

சூத்திரம் இவ்வளவுதான்:

வாட் × ஓடும் மணி நேரம் ÷ 1000 = யூனிட்

75 வாட் ஃபேன் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் சுற்றினால் 75 × 12 = 900. ஆயிரத்தால் வகுத்தால் 0.9 யூனிட். முப்பது நாளைக்கு 27 யூனிட். 9 வாட் எல்இடி பல்ப் தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 1.6 யூனிட். அதே இடத்தில் பழைய 60 வாட் குண்டு பல்ப் இருந்தால் 10.8.

ஃபேனும் பல்பும் சுலபமானவை. போட்டால் ஒரே அளவில் ஓடும், நிறுத்தினால் நிற்கும். மற்றவற்றில்தான் வாட்டையும் நம்ப முடியாது, நேரத்தையும் நம்ப முடியாது.

தகட்டைப் படிப்பது

ஒவ்வொரு சாதனத்தின் முதுகிலோ அடியிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். ஃப்ரிட்ஜுக்குக் கதவைத் திறந்தால் உள்பக்கச் சுவரிலோ, பின்னால் கம்ப்ரசருக்குப் பக்கத்திலோ இருக்கும். எட்டாத இடத்தில் இருந்தால் செல்போனை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பெரிதாக்கிப் படிக்கலாம்.

அதில் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் மூன்றும் போட்டிருந்தால் வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் வாட் இருக்காது, ஆம்பியர் மட்டும் இருக்கும். அப்போது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். 230 வோல்ட், 0.5 ஆம்பியர் என்றால் 115. ஆனால் இதைச் சரியான வாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ‘இதற்கு மேல் போகாது’ என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார், எல்இடி விளக்கு, அடாப்டர் போன்றவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதைவிட உண்மையான வாட் குறைவாகவே இருக்கும். வீட்டு மீட்டர்கள் பொதுவாக அந்த உண்மையான வாட்டைத்தான் கணக்கில் எடுக்கின்றன.

லேப்டாப் அடாப்டரில் 65 வாட் என்று இருந்தால் அது தரக்கூடிய உச்சம். பேட்டரி நிறைந்த பிறகு எழுத்து வேலை செய்துகொண்டிருக்கும் லேப்டாப் இதில் பாதிகூட இழுக்காது.

இன்னொரு பக்கம், உள்ளே வாங்குவதைச் சொல்லாமல் வெளியே கொடுப்பதைச் சொல்லும் எண்களும் உண்டு. புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

மைக்ரோவேவ் அவனின் முகப்பில் 800 வாட் என்று இருந்தால் அது உள்ளே வைத்த பாத்திரத்துக்குப் போகும் சூடு. பிளக்கிலிருந்து அது வாங்குவது 1200 வாட் பக்கம் இருக்கும். பின்பக்கத் தகட்டில் இரண்டு எண்ணும் தனித்தனியாக இருக்கும், பெரிய எண்ணை எடுங்கள்.

தண்ணீர் மோட்டாரின் ஒரு எச்பி என்பது 746 வாட். அது மோட்டாரின் தண்டு தரும் சக்தி. சின்ன மோட்டார்கள் வாங்கியதை முழுதாகத் திருப்பித் தராது. ஒரு எச்பி மோட்டார் 1000 வாட்டையோ அதற்குக் கொஞ்சம் மேலாகவோ இழுப்பது சாதாரணம்.

ஏசியின் ‘டன்’ இதைவிடக் குழப்பம். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் அளவுக்கு அறையின் வெப்பத்தை வெளியேற்றும் திறன். அதற்காக ஏசி 3.5 கிலோவாட் மின்சாரம் வாங்குவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவதைவிட இடம் மாற்றுவதற்குக் குறைவான மின்சாரமே போதும். ஒன்றரை டன் ஏசி 5.3 கிலோவாட் வெப்பத்தைத் தள்ளுகிறது, அதன் திறன் எண் (ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பத்தைத் தள்ளுகிறது என்பது) 3.5 என்று வைத்துக்கொண்டால் வாங்கும் மின்சாரம் 1.5 கிலோவாட். லேபிளில் இந்தத் திறன் எண்ணைத் தேடிப் பிடித்துவிட்டால் மீதி வெறும் வகுத்தல்தான்.

நேரத்தில்தான் கணக்கு தவறும்

அரை மணி நேரம் துணி தேய்த்தால் அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரமும் 1000 வாட் இழுப்பதில்லை. சூடு ஏறியதும் உள்ளே தெர்மோஸ்டாட் ‘டிக்’ என்று துண்டிக்கும், சிவப்பு விளக்கு அணையும். ஆறியதும் மறுபடி எரியும். அந்த விளக்கு எரிந்த நேரம்தான் கணக்கு. ஒருநாள் தேய்க்கும்போது அந்த விளக்கைக் கவனித்து, பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் எரிந்தது என்று குறித்துக்கொண்டால் அந்த விகிதம் உங்கள் வீட்டுக்கு எப்போதும் உதவும். தடித்த ஈரத்துணியாக இருந்தால் அதிக நேரம் எரியும்.

தெர்மோஸ்டாட் உள்ள எல்லாவற்றுக்கும் இதே கதை. வாட்டர் ஹீட்டர், அவன், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாமே பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் இழுக்கும். வாஷிங் மெஷினில் ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம் என்றாலும் டிரம்மைச் சுற்றும் மோட்டார் சில நூறு வாட்தான்; தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் 2000 வாட் வரை போகும். அந்த ஹீட்டர் ஓடும் கொஞ்ச நேரமே மொத்தச் செலவைத் தீர்மானிக்கிறது. அதே மெஷினில் பச்சைத் தண்ணீரில் துவைப்பதற்கும் 60 டிகிரியில் துவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுக்குப் பல மடங்கு.

மிக்ஸி போன்றவற்றைப் பற்றி ஒரே வரி: 750 வாட் என்றாலும் தினம் பத்து நிமிடம் ஓடினால் மாதத்துக்கு 4 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நேரத்தை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். ‘ஃபேன் ராத்திரி மட்டும்தான் ஓடுது’ என்று சொல்லும் வீடுகளில்கூட ஆள் இல்லாத அறையில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சாதாரண நாள், ஒரு விடுமுறை நாள், இரண்டிலும் போட்ட நேரம் நிறுத்திய நேரத்தைத் தாளில் எழுதி, வாரத்துக்குக் கணக்கிட்டு ஏழால் வகுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைச் சூடாக்கும் செலவு

வாட்டர் ஹீட்டருக்கு வாட்டும் வேண்டாம், நேரமும் வேண்டாம். எவ்வளவு தண்ணீர், எத்தனை டிகிரி ஏற்றம் என்பது தெரிந்தாலே போதும்:

லிட்டர் × ஏறிய டிகிரி செல்சியஸ் ÷ 860 = யூனிட்

ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பத்துக்குச் சமம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். 860 அங்கிருந்து வருகிறது.

குழாயில் 25 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவந்து 20 லிட்டர் வாளியில் குளித்தால் 20 × 15 ÷ 860, அதாவது 0.35 யூனிட். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் 40 லிட்டர், 0.7 யூனிட். நான்கு பேர் தினமும் அப்படி ஷவரில் குளித்தால் மாதம் 84 யூனிட். இங்கே இருக்கும் பணம் வீட்டு பல்புகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராது.

கடையில் ‘3000 வாட் வேண்டாம், கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், 1000 வாட் எடுங்க’ என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அதே தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவர இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே யூனிட்தான். 3000 வாட் சீக்கிரம் முடிக்கும், 1000 வாட் மூன்று மடங்கு நேரம் எடுக்கும். வாளித் தண்ணீரில் முக்கிச் சூடாக்கும் ராடும் இதே கணக்கில்தான் வரும். பெரிய ஹீட்டருக்குத் தடித்த ஒயரிங் வேண்டும் என்பது உண்மை, ஆனால் அது பில்லோடு சம்பந்தப்பட்டதல்ல. டேங்க் உள்ள ஹீட்டரை நாள் முழுக்க ஆன் செய்தே வைத்தால் மட்டும் கூடுதல் செலவு உண்டு: சூடான தண்ணீர் சும்மா ஆறிக்கொண்டே இருக்கும், ஹீட்டர் அதை மறுபடி மறுபடி சூடாக்கும். இந்த 860 கணக்கை நிஜமாகவே கீழே இறக்குவது வெப்பப் பம்பு வகை ஹீட்டர் மட்டும்தான். ஏசி போல வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் வேலை முடியும்.

ஃப்ரிட்ஜும் ஏசியும்

ஃப்ரிட்ஜ் தகட்டில் 0.9 ஆம்பியர் என்று இருப்பதைப் பார்த்து, 230-ஆல் பெருக்கி, 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 5 யூனிட் வரும். இது சுத்தத் தப்பு. கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடுவதில்லை; ஓடும்போதும் அந்த அளவு இழுப்பதில்லை. சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட்டிலிருந்து ஒன்றரை யூனிட்டுக்குள் இருக்கும்.

ஆற்றல் லேபிள் ஒட்டியிருந்தால் அதில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். 220 என்றால் 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.6. இது சோதனைக்கூடத்தில் குறிப்பிட்ட வெப்பநிலையில் எடுத்த எண். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற, கதவு ரப்பர் தளர்ந்துபோன ஃப்ரிட்ஜுக்கு இது பொருந்தாது. கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை.

ஏசி லேபிளிலும் வருட யூனிட் இருக்கும். ஆனால் அந்த எண் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவதாக வைத்துப் போட்டது என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும், அதைப் படிக்காமல் எண்ணை எடுக்காதீர்கள். நீங்கள் அதைவிட இரண்டு மடங்கு ஓட்டுகிறவராக இருக்கலாம்.

பழைய வகை, அதாவது கம்ப்ரசர் முழுதாக ஓடும் அல்லது முழுதாக நிற்கும் ஏசிக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டே கணக்கிடலாம். ஒரு மணி நேரத்தில் வெளிப்பெட்டி உறுமும் நிமிடங்களை எண்ணுங்கள். 36 நிமிடம் உறுமினால் 60 சதவீதம். 1.5 கிலோவாட் × 8 மணி × 0.6 = 7.2 யூனிட், ஒரே ராத்திரிக்கு. போட்ட முதல் மணி நேரத்தை எண்ணாதீர்கள், அப்போது அறை சூடாக இருப்பதால் நிற்காமல் ஓடும். இன்வெர்ட்டர் ஏசியில் இந்த வித்தை பலிக்காது. அது பெரும்பாலும் நிற்பதில்லை, வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். சில நூறு வாட்டிலிருந்து ஆயிரத்து சொச்சம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதற்கு மீட்டரிடம்தான் போக வேண்டும்.

மீட்டர் விளக்கை எண்ணுவது

பலருக்குத் தெரியாத, காசே செலவில்லாத வழி இது. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருக்கும். 3200, 1600, 1000 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை மீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வைக்கலாம்: 3200-க்கு 1125, 1600-க்கு 2250, 1000-க்கு 3600. இதுதான் உங்கள் மீட்டரின் பெருக்கும் எண்.

பெருக்கும் எண் × சிமிட்டல் ÷ விநாடி = இந்த நிமிடம் வீடு இழுக்கும் வாட்

3200 போட்ட மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு, வீட்டில் மற்றவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே விட்டுவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். ஒரு சிமிட்டலில் ஸ்டாப் வாட்சைத் தட்டுங்கள். அந்தச் சிமிட்டலை பூஜ்யம் என்று எண்ணிக்கொண்டு, பத்தாவது சிமிட்டலில் நிறுத்துங்கள். 90 விநாடி ஆனது என்றால் 1125 × 10 ÷ 90 = 125 வாட். இப்போது உள்ளே ஒருவரை அயர்ன் பாக்ஸைப் போடச் சொல்லுங்கள். சிமிட்டல் படபடவென்று வேகமெடுக்கும். பத்து சிமிட்டலுக்கு 10 விநாடி என்றால் 1125 வாட். வித்தியாசம் 1000. அயர்ன் பாக்ஸ் பிடிபட்டுவிட்டது.

முதல் சிமிட்டலை ‘ஒன்று’ என்று எண்ணினால் விடை தப்பாகும், ஏனென்றால் நாம் எண்ணுவது சிமிட்டல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை. சிமிட்டல் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் போனால் செல்போனில் இருபது விநாடி வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணலாம். சக்கரம் சுற்றும் பழைய மீட்டராக இருந்தாலும் வழி இதேதான்: ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று என்று போட்டிருந்தால் பெருக்கும் எண் 6000, சிமிட்டலுக்குப் பதிலாகச் சக்கரத்தில் உள்ள கறுப்புக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மீட்டரைப் பார்ப்பது மட்டும்தான் நம் வேலை. சீலையோ மூடியையோ தொடக் கூடாது.

இன்வெர்ட்டர் ஏசிக்கு இந்த ஒரு நிமிடக் கணக்கு போதாது. அதற்கு ரீடிங் முறை: இரவு ஏசி போடும்போது மீட்டர் ரீடிங், காலையில் நிறுத்தும்போது ரீடிங். மறுநாள் ஏசி போடாமல் அதே நேரங்களில் ரீடிங். முதல் இரவின் வித்தியாசத்திலிருந்து இரண்டாவது இரவின் வித்தியாசத்தைக் கழித்தால் ஏசியின் பங்கு கையில் வந்துவிடும். மீட்டர் திரை வோல்ட், ஆம்பியர், தேதி என்று மாறிமாறிக் காட்டும். கிலோவாட் மணி வரும்வரை காத்திருந்து குறியுங்கள்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் சின்ன வாட் மீட்டர் கிடைக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு அதைவிட நல்லது வேறில்லை: செருகி, குறைந்தது இரண்டு முழு நாள் விட்டு, யூனிட்டைப் படியுங்கள். அதில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவுக்கு மேல் இழுக்கும் ஹீட்டரை மட்டும் அதில் செருகிவிடாதீர்கள். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டரை முழு ஒயரின் மேல் மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒற்றைக் கம்பியின் மேல் மாட்ட வேண்டும். அதற்காக ஒயரின் உறையைக் கிழிக்கும் வேலை வீட்டில் வேண்டாம்.

சும்மா இருக்கும்போதும் இழுப்பவை

வருடம் முழுக்க அணையாமல் ஒரு வாட் இழுத்தால் 8.76 யூனிட். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 8 வாட் வைஃபை ரூட்டர் வருடத்துக்கு 70 யூனிட். 12 வாட் செட்டாப் பாக்ஸ் 105. ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ் நிஜமாக அணைந்ததா என்று தொட்டுப் பாருங்கள். பல பெட்டிகள் அப்போதும் சூடாகவே இருக்கும்.

டிவியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். காத்திருப்பு நிலையில் எந்தச் சாதனமும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற யோசனையை சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் அரை வாட் என்று வரம்பு வைத்தது, காத்திருக்கும்போதே மணி போன்ற தகவலைக் காட்டிக்கொண்டிருந்தால் ஒரு வாட். அதனால் புதிய டிவிகள் இதில் நல்ல பிள்ளைகள். இணையத்தோடு எப்போதும் தொடர்பில் இருக்கும் சாதனங்கள்தான் இன்னும் கொஞ்சம் அதிகம் தின்கின்றன.

செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்தே மின்சாரத்தை மிச்சப்படுத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை வெறுமையிலிருந்து நிறைக்க, வீணாவதையும் சேர்த்து 25 வாட் மணி ஆகும். ஒரு யூனிட்டில் நாற்பது முறை நிறைக்கலாம். போன் இல்லாமல் தொங்கும் நல்ல சார்ஜர் அரை வாட்கூட இழுக்காது. பாதுகாப்புக்காகப் பிடுங்குங்கள், சரி. பில்லில் வித்தியாசம் தெரியாது.

மின்தடைக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இந்தப் பட்டியலில் அடிக்கடி விடுபட்டுப்போகும். பேட்டரி நிறைந்த பிறகும் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். சார்ஜ் செய்த மின்சாரத்திலும் ஒரு பகுதி திரும்பி வராது.

யூனிட்டைப் பணமாக்குவது

இதுவரை பணம் பேசவில்லை. உங்கள் ஊர்க் கட்டணத்தை எடுத்துப் பெருக்க வேண்டியதுதான், ஆனால் எந்தக் கட்டணத்தை?

மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து சராசரி எடுப்பது பலருடைய பழக்கம். அடுக்கடுக்காக விலை ஏறும் கட்டணத்தில் அது தவறான விடை தரும். முதல் 100 யூனிட் வரை யூனிட்டுக்கு ஒரு பங்கு விலை, அதற்கு மேல் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 160 யூனிட் செலவு. முதல் 100-க்கு 100 பங்கு, அடுத்த 60-க்கு 120 பங்கு, மொத்தம் 220. சராசரி யூனிட்டுக்கு 1.4 பங்கு கூட வராது. ஆனால் 20 யூனிட் மிச்சம் பிடித்தால் குறைவது மேல் அடுக்கிலிருந்து, அதாவது யூனிட்டுக்கு முழுசாக இரண்டு பங்கு. ஒரு சாதனத்தை நிறுத்தினால் எவ்வளவு மிச்சம், புதிதாக ஒன்றைச் சேர்த்தால் எவ்வளவு கூடும் என்பதற்கெல்லாம் நீங்கள் நிற்கும் மேல் அடுக்கின் விலையைத்தான் எடுக்க வேண்டும்.

ஓர் எல்லையைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும் கட்டண முறைகளும் இருக்கின்றன. அப்படி இருந்தால் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் கடைசிச் சில யூனிட்டுகள் தங்கத்தின் விலை. ரீடிங் எடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பார்த்து வைப்பது அங்கே நிஜமாகவே பணம். நேரத்துக்கு நேரம் விலை மாறும் இடமானால் வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர் மூன்றையும் மலிவான நேரத்துக்குத் தள்ளலாம்; ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் தள்ள முடியாது. நிலைக் கட்டணம் எதைச் செய்தாலும் குறையாது, கணக்கில் சேர்க்காதீர்கள். சதவீதமாக வரும் வரியைச் சேருங்கள்.

கூட்டிப் பார்த்தால்

எல்லாச் சாதனங்களின் ஒரு வார யூனிட்டையும் கூட்டுங்கள். அதே ஏழு நாளுக்கு மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பத்து பதினைந்து சதவீத வித்தியாசத்தை விட்டுவிடலாம், அதற்கு மேல் துல்லியம் தேடிப் பயனில்லை. மீட்டர் உங்கள் கூட்டலைவிடக் கால்வாசி, அரைவாசி அதிகம் காட்டினால்தான் தேட வேண்டும். முதல் சந்தேகம் ஃப்ரிட்ஜ் மேல், அடுத்தது தெர்மோஸ்டாட் கெட்டு நிற்காமல் ஓடும் ஹீட்டர் மேல், அப்புறம் பட்டியலில் எழுத மறந்த மோட்டார் மேல்.

இவை எதுவும் இல்லை என்றால் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மீட்டர் விளக்கைப் பாருங்கள். இன்னும் சிமிட்டினால் எம்சிபிக்களை (ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக உள்ள பாதுகாப்புச் சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். எதை இறக்கும்போது நிற்கிறதோ அந்தச் சுற்றில்தான் ஏதோ இருக்கிறது: மறந்துபோன ஒரு இணைப்பு, அல்லது ஒயரிங்கில் கசிவு. கசிவு என்றால் பில்லோடு போகும் விஷயமல்ல, உயிருக்கே ஆபத்து. உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் சுவிட்சையே இறக்கிய பிறகும் சிமிட்டினால் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டியது.

மாற்றலாமா?

புதிய சாதனம் வாங்கினால் போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதற்கும் இதே கணக்குதான். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் மாட்டினால் மிச்சம் 45 வாட். தினம் 12 மணி நேரம் சுற்றும் அறையில் வருடத்துக்கு 45 × 12 × 365 ÷ 1000, அதாவது 197 யூனிட். இதை உங்கள் மேல் அடுக்கு விலையால் பெருக்கி, வரும் தொகையால் ஃபேனின் விலையை வகுத்தால் எத்தனை வருடத்தில் பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும்.

அதே ஃபேனை, விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் அறையில் மாட்டினால்? தினம் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிது. வருடத்துக்கு 16 யூனிட் மிச்சம், பணம் திரும்பப் பன்னிரண்டு மடங்கு காலம் ஆகும். அந்த அறையின் பழைய ஃபேன் அது ஓயும்வரை அங்கேயே சுற்றட்டும். புதியதைப் படுக்கையறையில் மாட்டுங்கள்.